பட்டன் அத்தையும் போகாத பைக்குகளும்

பட்டன் அத்தை என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில். பிடில்காரருடைய மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த சமயம். உறவு மொத்தமும் பார்க்க வந்து, பார்த்து முடித்து, இனி என்ன பேசுவது என்று தெரியாமல் சுவரோரம் நின்றிருந்தது. அப்போது ஒரு வாண்டு, "பட்டன் அத்தை வரலையா?" என்று கேட்டது. "அவ எப்படி வருவா? பிடில்காரர் வாசிச்சிக்கிட்டு இருக்காரு இல்ல?" என்றாள் அதன் தாய். அவர் வாசித்தால் இவள் ஏன் வரக்கூடாது என்று அன்றைக்குப் பலருக்கும் புரியவில்லை. பிறகு அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் புரிந்தது.

அவள் பிடில்காரருக்குக் கூடப்பிறந்த தங்கை, எட்டு வயது இளையவள். கட்டிக்கொடுத்த இடத்தில் ஆறு வருஷம் இருந்தாள். புருஷன் வேலைக்கென்று தூரதேசம் போனான்; முதலில் கடிதம் குறைந்தது, அப்புறம் நின்றது, அப்புறம் அங்கே அவனுக்கு ஒரு குடும்பம் இருப்பதாக யார் மூலமோ சேதி வந்தது. ஒரு டிரங்குப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். "வா பாப்பா" என்றார் அண்ணன். அவ்வளவுதான் கேள்வி, அவ்வளவுதான் பதில். அண்ணியும் கெட்டவள் இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

ஆனாலும் அடுத்தவர் வீடு அடுத்தவர் வீடுதானே. சமையலறை அண்ணிக்கு. கூடம் எல்லாருக்கும். அவளுக்கென்று எந்த மூலையும் இல்லாமல் நாலு வருஷம் ஓடிற்று. அதன் பிறகுதான் அந்த நாற்காலி வந்தது.

பிடில்காரர் முன்பெல்லாம் ரெக்கார்டிங் கூடங்களுக்குப் போய் வாசித்துவிட்டு வருவார். காலம் மாறியது. வீட்டிலேயே வாசித்துப் பதிந்து அனுப்புங்கள் என்றார்கள். பின்பக்கத்து அறையின் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டினார், ஜன்னலை அடைத்தார், கதவுக்குக் கம்பளி தொங்கவிட்டார். கம்ப்யூட்டர் மட்டும் உள்ளே ஆகாது. அதன் விசிறி உஸ் உஸ் என்று மூச்சுவிடும். மைக் அதையும் சேர்த்து விழுங்கிவிடும். ஆகவே அதை வெளியே நடையில் வைத்து, கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி பதித்தார். இனி ஒரு சிக்கல். பிடிலைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு நடைக்கு ஓடிப் பட்டனை அழுத்திவிட்டு, திரும்பி ஓடி வந்து வாசிக்க முடியுமா? இரண்டு நாள் அப்படி ஓடினார். மூன்றாம் நாள், "பாப்பா, இங்க கொஞ்சம் உக்காரு" என்றார்.

உட்கார்ந்தவள் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தாள்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. திரையில் இருந்த இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. சிவப்பு வட்டம் தெரியும், கறுப்புச் சதுரம் தெரியும், பச்சைக் கோடு ஏறி இறங்குவது தெரியும். போதுமே. ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வாள். சிவப்பை அழுத்துவாள். மேசையில் இருந்த சின்ன மைக்கில், "ஓடுது அண்ணா" என்பாள். அறைச் சுவரில் தொங்கிய சின்ன ஸ்பீக்கரில் அது கேட்கும். அவர் ஒரு மூச்சு இழுத்து வாசிக்கத் தொடங்குவார். நடுவில் எங்கோ நாய் குரைத்தால், தண்ணீர்க் குழாய் முனகினால், "மறுபடியும் அண்ணா" என்பாள். அவ்வளவுதான் அவள் உத்தியோகம். அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு பதிவுக்கும் தலையும் வாலும் வெட்டிவிடுவார் அண்ணன். தலையில் "ஓடுது", வாலில் "ஆச்சு அண்ணா". இரண்டு பக்கமும் அவள் குரல்.

உறவில் எங்கே நல்லது கெட்டது என்றாலும், அவர் வாசிக்கும் நாளாக இருந்தால் அவள் வரமாட்டாள். "என்ன பெரிய வேலை, ஒரு பட்டனை அழுத்துற வேலை" என்று முகம் சுளித்தார்கள். பெயரும் வைத்தார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. இன்னாருடைய வாழாவெட்டித் தங்கை என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அந்த நாற்காலியில் அவள் செய்த இன்னொரு வேலை யாருக்கும் தெரியாது.

நாலாவது வருஷமோ ஐந்தாவது வருஷமோ, ஒரு வேகமான இடத்தில் அண்ணனுடைய விரல் வழுக்கியது. நாயும் இல்லை, குழாயும் இல்லை. "மறுபடியும் அண்ணா" என்றாள். மறுபடியும் வழுக்கியது. மூன்றாம் முறை அவள் சொன்னபோது, வில்லைத் தளர்த்திப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே வந்தார். இரண்டு நாள் அந்த அறையின் கதவைத் திறக்கவில்லை. "என்னடி சொன்னே அவரை?" என்று அண்ணி வேறு பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் திறந்தார். அதே இடம், அதே வழுக்கல். அவள் வாய் தானாகச் சொன்னது: "பைக் போச்சு அண்ணா. மறுபடியும்."

"சனியன் பிடிச்ச பைக்கு" என்று சிரித்துக்கொண்டே வில்லைத் தூக்கினார். அடுத்த தடவை தேன் மாதிரி வந்தது.

அன்றிலிருந்து அந்தத் தெருவில் பைக்குகள் பெருகின. பஞ்சுப் பலகைக்கு நடுவே, காதோரம் பிடிலோடு நிற்கிறவருக்குத் தெருச் சத்தம் ஏது? ஹெட்ஃபோனில் கேட்கிறவள் சொன்னால் சரி. விரல் பிசகினால் பைக். வில் நடுங்கினால் புறா. சுருதி ஒரு மயிரிழை இறங்கினால் மேல்வீட்டில் நாற்காலி இழுக்கிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடினவர் ஒருவர். கூடம் கோணல் என்று பதினைந்து வருஷம் சொன்னவள் இன்னொருத்தி. வயது ஏற ஏற, பைக்குகளும் ஏறின.

அப்படியிருக்கும்போதுதான் அண்ணன் மகள் வெளியூரிலிருந்து இரண்டு வாரம் லீவில் வந்தாள். கை நிறைய வாங்கி வந்தாள். அதில் இரண்டு டேப்லெட். பெரியது காகிதத்துக்குப் பதில். இசைக்குறிப்பெல்லாம் அதில் தெரியும், காலால் ஒரு மிதி மிதித்தால் பக்கம் புரளும். சின்னது மைக்குக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் நிற்கும். விரலால் தொட்டால் நடையில் இருக்கும் கம்ப்யூட்டர் பதியும், இன்னொரு தடவை தொட்டால் நிற்கும். அண்ணி இரண்டுக்கும் சிலேட்டு என்று பெயர் வைத்தாள்.

"அத்தைக்கு முட்டி வலி. எத்தனை நாள் அந்த நடைக்குளிர்ல உக்காருவாங்க? இனிமே அப்பாவே எல்லாம் பார்த்துக்கலாம்" என்றாள் பெண். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

"என்ன பட்டன், சிலேட்டு வந்து உன் வேலைக்கே உலை வச்சிடுச்சா?" என்று அண்ணி சிரித்தாள்.

"நல்லதுதானே அண்ணி. என் முட்டி பிழைச்சிது" என்று அத்தையும் சிரித்தாள். அன்று சாயங்காலம் நாற்காலி நடையிலிருந்து பால்கனிக்குப் போனது. நடையில் அதன் நாலு கால் இருந்த இடம் தரையில் வெள்ளையாக நாலு பொட்டு. பெருக்கும்போதெல்லாம் அதைச் சுற்றிப் பெருக்கினாள்.

ஆனால் சிலேட்டு முதல் நாளே சண்டித்தனம் செய்தது. தொட்டால் டிக் டிக் என்று நாலு தட்டுத் தட்டும். ஐந்தாவதில் அவர் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. வில்லைக் கம்பியில் வைத்தபடி நின்றார். பத்து தடவை தட்டியது. பத்து தடவையும் நின்றார்.

"என்னப்பா, ஸ்டார்ட் பண்ணுங்க!"

"இரும்மா. இன்னும் சொல்லலையே."

"யார் சொல்லணும்?"

அவருக்கே அப்போதுதான் விளங்கியது. பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கும் கேட்டது. 'அத்தை, கொஞ்சம் வாங்க' என்று பெண் கூப்பிட்டபோது, மடித்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். முகம் கழுவினாள். தலையை ஒதுக்கிக்கொண்டாள். ஹெட்ஃபோனை மாட்டுகிற இடத்தில் முடி தூக்கிக்கொண்டு நின்றால் அழுத்தும், அதற்காக. நாற்காலியைப் பால்கனியிலிருந்து தானே தூக்கி வந்து, நாலு பொட்டிலும் சரியாக வைத்தாள்.

"நாற்காலி எதுக்கு அத்தை? நின்னுக்கிட்டே சொல்லுங்க. இந்த டேப்லெட்டப் பார்த்து 'ஓடுது அண்ணா'ன்னு ஒரே ஒரு தடவை."

சொன்னாள்.

"சூப்பர்! இனிமே ஒவ்வொரு தடவையும் முதல்ல உங்க குரல் வரும், அப்புறம் பதிய ஆரம்பிக்கும். சரி, 'மறுபடியும்'னும் ஒன்னு சொல்லிடுங்க, அதையும் வச்சுக்கலாம்."

அத்தை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அது முடியாதும்மா" என்றாள். "அது கேட்டாத்தான் சொல்ல வரும்."

பெண் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். நாற்காலி மறுபடியும் பால்கனிக்குப் போனது.

அதன் பிறகு தினமும் காலை பத்து மணிக்குக் கதவு மூடும். பால்கனிக் கதவும் நடைக் கதவும் திறந்திருந்தால், கம்பளியையும் தாண்டி மெல்லக் கேட்கும்: ஓடுது அண்ணா. அவள் குரல்தான். அவள் வெளியே துணி உலர்த்திக்கொண்டிருக்க, அவள் குரல் உள்ளே வேலை பார்த்தது. முதல் வாரம் நாளைக்கு ஏழெட்டு தடவை கேட்டது. பெண் ஊருக்குப் போன பிறகு பதினைந்து, இருபது. அடுத்த மாதம் அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். ஓடுது அண்ணா, கொஞ்சம் பிடில், ஒரு நிறுத்தம், மறுபடியும் ஓடுது அண்ணா. எங்கே வழுக்குகிறது என்று அவளுக்கு இங்கிருந்தே தெரியும். பைக் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

ஒரு மத்தியானம் பிடில்காரர் பால்கனிக்கு வந்தார். கையில் சின்ன சிலேட்டு. கழுத்தில் ஹெட்ஃபோன். எதிரே தரையில் உட்கார்ந்தார். எழுபது வயதில் அவர் தரையில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"பாப்பா, இந்தத் தெருவுல ஒரு நாளைக்கு எத்தனை பைக் போகும்?"

"யாரு எண்ணினா?"

"நான் எண்ணினேன். காலையில இருந்து நாலு. நீ இருக்கும்போது ஒரு மணி நேரத்துல ஏழு போகும்."

அவள் துவட்டுத் துண்டை எடுத்து மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"பழைய பதிவை எல்லாம் இதுல ஏத்திக் கொடுத்துட்டுப் போயிருக்கா பொண்ணு. நல்லது கெட்டது எல்லாம். கெட்டதுக்குத் தலையும் வாலும் நான் வெட்டுறதில்லையே, எல்லாம் அப்படியே இருக்கு. மூணு நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன். பைக் போச்சு அண்ணான்னு நீ சொல்றே. திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒரு பைக்கும் இல்ல பாப்பா."

"புறாவாவது இருந்துச்சா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போனது. "புறாவும் இல்ல. நான்தான் இருந்தேன்."

கீழே யாரோ இரும்புக் கேட்டைச் சாத்தினார்கள்.

"கோபமா அண்ணா?"

"கோபம் என்ன கோபம். எனக்குக் கை போய்ப் பத்து வருஷம் ஆச்சுன்னு இன்னிக்குத்தான் தெரியுது. உனக்கு அப்பவே தெரியும்." பிறகு எழுந்திருக்க அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு வந்து உக்காரு. இந்த சிலேட்டுகிட்ட என்னால ஆகல."

மறுநாள் நாற்காலி பழைய இடத்துக்கு வந்தது. ஹெட்ஃபோனை மாட்டினாள். சிவப்பை அழுத்தினாள். "ஓடுது அண்ணா" என்றாள். சிலேட்டில் இருந்ததைவிடக் கொஞ்சம் கரகரத்தது. கண்ணாடி வழியாக அவர் தலையாட்டினார். வாசித்தார். நன்றாகவே போயிற்று. வேகமான இடம் வந்தது; விரல் நின்றது, வழுக்கவில்லை, தாண்டியது. பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக அப்படி ஓர் இடத்தைத் தாண்டி அவள் கேட்டதில்லை. அப்போது தெருமுனையிலிருந்து ஒரு பைக் வந்தது. சைலன்சர் உடைந்த பைக். கம்பளியையும் பஞ்சையும் துளைத்துக்கொண்டு, ஹெட்ஃபோனில் பிடிலின் மேலேயே ஏறிப் போனது. பச்சைக் கோடு எகிறிக் குதித்தது.

அனுப்பினால் திருப்பி அனுப்புவார்கள். சொல்லாமல் இருக்க முடியாது.

"பைக் போச்சு அண்ணா" என்றாள். "மறுபடியும்."

அவர் வில்லை இறக்கினார். கண்ணாடி வழியாக அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பாவம் பாப்பா, இன்னுமா, என்பது மாதிரி இருந்தது.

"நிஜமாவே போச்சு அண்ணா. கேட்டுப் பாருங்க."

"சரிம்மா" என்றார். கேட்டுப் பார்க்கவில்லை. வில்லைத் தளர்த்திப் பெட்டியில் வைத்தார். அவர் வாசித்ததிலேயே நல்ல வாசிப்பு அது. அவள் எத்தனை தடவை சொன்னாலும் அவர் இனி அதை நம்பப் போவதில்லை.

அன்றைக்கே அவள் கிளம்பிவிடுவதென்று முடிவு செய்துவிட்டாள். அண்ணி தடுத்தாள். "ஏன்டி, உன்னை யார் என்ன சொன்னா? நான் ஏதாவது சொன்னேனா?" என்று கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லைதான். சித்தி மகள் ஒருத்தி, கால் விழுந்து நடமாட முடியாமல், தனியாக இருந்தாள். துணைக்கு ஆள் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். டிரங்குப் பெட்டியை அண்ணனே படிவரை தூக்கி வந்தார். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு பாப்பா" என்றார்.

அவர் இன்னும் வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வாசிக்கிறாராம். சிலேட்டு முதலில் அவள் குரலில் சொல்கிறது, அவர் எடுக்கிறார். கெட்டதைக் கேட்டு அவரே அழித்துவிடுகிறார். இதெல்லாம் அண்ணி போனில் சொன்னது.

பட்டன் அத்தை இப்போது சித்தி மகள் வீட்டில், மூன்றாவது மாடியில், முன்பக்கத்து அறையில் இருக்கிறாள். ஜன்னலுக்குக் கீழே பெரிய சாலை.