மணி அடித்தால் பரிசில்லை

அடிபிடித்த பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் கணவர். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பிறகு அந்த வீட்டில் பாத்திரம் அவர் பொறுப்பு. பாலைப் பொங்கவிடுவதும் அவர் பொறுப்புதான் என்று மனைவி சொல்வாள். அவள் வேலைக்குக் கிளம்ப நேரமாகியும் எழுந்திருக்காமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த வருஷம் யாருக்கு?" என்றார் அவர், முதுகைத் திருப்பாமல், கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்பதுபோல.

"நடுவருங்களே இன்னும் கூடலை. எனக்கெப்படித் தெரியும்?"

"தெரிஞ்சா மட்டும் சொல்லிக் கிழிச்சே. கல்லுளிமங்கி. பரிசு ஆபீஸ்காரி புருஷன்னு பேரு, டீக்கடையில நான் சொன்ன ஆளு ஒரு வருஷமாவது ஜெயிச்சிருக்கானா? ஏன் கிளம்பாம உட்கார்ந்திருக்கே?"

"இனிமே நான் யாருக்கும் போன் பண்ண வேண்டாமாம். ஆபீசுக்கு வந்திருக்கற புது இயக்குநர் சொல்லிட்டாரு."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "நல்லதாப் போச்சு. ஊரான் வயித்தெரிச்சலைக் காதுல வாங்கிக்கற வேலை மிச்சம்."

"தீவுக்காரம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேங்க."

அவர் குழாயைத் திறந்துவிட்டார்.

அவள் என்ன வேலை செய்தாள், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தாள் என்பதைச் சொல்ல வேண்டுமானால் பரிசின் கதையையே சொல்ல வேண்டும். அதை ஏற்படுத்தியவர் ஒரு குடைக் கம்பெனி முதலாளி. பொடி எழுத்துப் படிக்க முடியாதபடி பார்வை மங்கிய பிறகு மனைவி வாசிக்கக் கேட்டுக் கேட்டு நாவல் பைத்தியம் ஆனவர். சிறந்த நாவலுக்கு வருடாவருடம் ஒரு பரிசு என்று அறிவித்தார். முதல் வருடம் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, ஆறு பேரையும் மண்டபத்துக்கு வரவழைத்து, முன்வரிசையில் உட்காரவைத்து, ஒருவர் பெயரை வாசித்தார்கள். கைதட்டல் முடிந்து முதலாளி கைகழுவப் போனார். அங்கே மீதி ஐந்து பேரில் ஒருவர், நன்றியுரை எழுதிய தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலாளியைப் பார்த்ததும் சிரித்து, "விழா ரொம்ப நல்லா இருந்துச்சு சார்" என்றாராம். அந்தச் சிரிப்பை முதலாளியால் தாங்க முடியவில்லை.

"அடுத்த வருஷத்துலேர்ந்து கிடைக்காதவங்களுக்கு முந்தின நாளே சொல்லிடணும்" என்றார். "கடுதாசி வேண்டாம். கடுதாசி திருப்பிப் பேசாது. வாயால சொல்லுங்க."

வாயால் சொல்ல யார் இருக்கிறார்கள்? கம்பெனியில் டெலிபோன் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த பெண் இருந்தாள். கத்துகிற வியாபாரியையும் இரண்டு வார்த்தையில் தணித்துவிடுகிற குரல். அன்றிலிருந்து அவள் டெலிபோன் அக்கா. காவலாளியிலிருந்து நடுவர் தலைவர்வரை அவளுக்கு வேறு பெயர் கிடையாது.

தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். சுற்றி வளைப்பதில்லை. "வணக்கம். பரிசு ஆபீஸ்லேர்ந்து பேசறேன். இந்த வருஷம் உங்களுக்கு இல்லை." வருந்துகிறோம் என்ற பேச்சே கிடையாது. வருத்தப்பட வேண்டியவர் எதிர்முனையில் இருக்கிறார், இவள் எதற்கு முந்திக்கொள்வது? அதன் பிறகு அவர்கள் வைக்கும்வரை இவள் ரிசீவரை வைக்க மாட்டாள். திட்டினால் கேட்டுக்கொள்வாள். அழுதால் காத்திருப்பாள். பரிசு பக்கத்து நாடுகளுக்கும் பிறகு கடல் தாண்டியும் போனபோது அந்த ஒரு வாக்கியத்தை அந்தந்த பாஷையில் நெட்டுருப் போட்டாள். மொழிபெயர்த்தவர்கள் தங்களுக்கும் பாதிப் பரிசு என்று சண்டைபோட்டு வாங்கிய வருடத்திலிருந்து வேலை இரட்டிப்பானது.

ஆக, முந்தின நாள் டெலிபோன் மணி அடித்தால் பரிசு இல்லை. அடிக்காவிட்டால் உண்டு. எழுத்தாளர்கள் வட்டாரத்தில் இது பிரசித்தம். ஒரு வருடம் புயலில் ஒருவர் வீட்டு லைன் அறுந்துவிட்டது. பொழுதுக்கும் மணி அடிக்காததால் ஜெயித்துவிட்டதாக முடிவு கட்டி, மனைவி, மச்சான், மச்சானுடைய மாமனார் என்று ஒரு வேன் நிறைய ஆட்களோடு மண்டப வாசலில் வந்து இறங்கினார். அக்கா ஓடிப்போய் வேன் கதவிலேயே சொன்னாள். மச்சான் குதிகுதியென்று குதித்தான். அந்த மனிதர் மட்டும், "இவங்களுக்குச் சாப்பாடு இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் எடுக்காவிட்டால் பக்கத்து வீடு, பேக்கரி, போலீஸ் ஸ்டேஷன் என்று விடாமல் துரத்திப் பிடிப்பாள். ஒரு நாவலாசிரியருக்கு முடிதிருத்தும் கடையில், முகமெல்லாம் சோப்பு நுரையாக இருக்கும்போது சேதி போய்ச் சேர்ந்தது.

நடுவர்கள் அடித்துக்கொண்டு யாருக்குமே கொடுக்காத வருடமும் ஒன்று உண்டு. அன்றைக்கு ஆறு பேரையும் கூப்பிட்டாள். ஆறு பேரும் சொல்லிவைத்தாற்போல், "அப்போ யாருக்கு?" என்றார்கள். யாருக்கும் இல்லை என்றதும் ஆறு பேருக்கும் பரம திருப்தி.

அவளுடைய மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அம்மா கூப்பிட்டால் எடுத்ததும், "என்னம்மா, எனக்கும் இல்லையா?" என்பாள்.

தீவுக்காரம்மா தூரத்துத் தீவொன்றிலிருந்து இதே பாஷையில் எழுதுகிறவள், இரண்டு தடவை தோற்றவள். முதல் தடவை சேதி கேட்டதும், "இரு, அடுப்பை அணைச்சுட்டு வரேன்" என்று போய், திரும்பி வந்து கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினாள். இரண்டாவது தடவையும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "மூணாவது தடவை ஒண்ணு வந்தா நீதான் கூப்பிடணும் பொண்ணே. வேற யார் வாயாலயும் கேட்க எனக்குத் தெம்பில்லை" என்றாள். அக்கா சரி என்றாள். இந்த வருடம், மொழிபெயர்ப்பே இல்லாத ஆறு பேர் பட்டியலில் மூன்றாவது தடவையாக அந்தப் பெயர் வந்திருந்தது. எண்பதைத் தொடும் வயது. நாலாவது தடவை என்று ஒன்று இருக்காது.

புது இயக்குநர் கெட்டவர் இல்லை. அன்று காலை அவள் நேரே போய்க் கேட்டபோது நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"டிவியில நேரடியாப் போகுதுக்கா. ஆறு பேருக்கும் முன்னாடியே தெரிஞ்சா எவன் பார்ப்பான்? பேரை வாசிக்கறப்போ ஆறு முகமும் ஸ்கிரீன்ல தெரியணும்."

"தோத்த முகம் அஞ்சு."

"ஜெயிச்ச முகம் ஒண்ணும் இருக்கே."

"அது எப்படியும் சிரிக்கும் தம்பி. மத்த அஞ்சும் என்ன பண்ணும்? கேமராவுக்குப் பயந்து அதுவும் சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமத்தான் பெரியவர் இந்த ஏற்பாடே பண்ணாரு."

"காலம் மாறிடுச்சுக்கா. எல்லாரும் அந்த த்ரில்லைத்தான் விரும்பறாங்க."

"யாரு, அவங்களா? கேட்டீங்களா?"

இயக்குநர் பேனாவை உருட்டினார். கேட்கவில்லை.

"நான் கேட்கறேன். முன்கூட்டியே தெரியணுமா, வேண்டாமான்னு மட்டும். தெரியணுங்கறவங்களுக்குச் சொல்றேன். வேண்டாங்கறவங்களை உங்க கேமராவுக்கு விட்டுடறேன்."

"ஆறு பேரும் வேண்டாம்னுதான் சொல்லப்போறாங்க."

"ஆறு பேரும் வேணும்பாங்க" என்றாள் அக்கா. அதில் அவளுக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை.

அன்று மதியமே ஆரம்பித்தாள். முதலில் எடுத்தவர் மணிச் சத்தத்திலேயே நடுங்கிப்போய், "அதுக்குள்ளயா?" என்று அலறினார். சமாதானப்படுத்தி விஷயத்தைச் சொன்னதும், "கண்டிப்பாச் சொல்லுங்க, எனக்குப் பிரஷர் இருக்கு" என்றார். அடுத்தவரும் வேண்டும் என்றார். மூன்றாமவன் சின்ன வயதுக்காரன், "வேண்டாங்க, பார்த்துக்கலாம்" என்றான். நாலாவது ஒரு பெண், வேண்டும். ஐந்தாவது, வேண்டாம். தீவுக்காரம்மாவைக் கடைசிக்கு வைத்திருந்தாள். பிடித்த பண்டத்தைத் தட்டில் ஒதுக்கிவைப்பது மாதிரி.

"நான்தாம்மா, டெலிபோன். சேதி இல்லை, பயப்படாதீங்க. இந்த வருஷம் முறையை மாத்தறாங்க. ஆனா நீங்க வேணும்னு சொன்னா முந்தின நாளே நானே சொல்லிடுவேன்."

"வேண்டாம்" என்றாள் தீவுக்காரம்மா.

அக்கா சரியாகக் காதில் விழவில்லையோ என்று ரிசீவரை மாற்றிப் பிடித்தாள். "அம்மா, நீங்கதானே போன தடவை..."

"சொன்னேன். வாபஸ் வாங்கிக்கறேன்."

"அவ்வளவு ஜனம், கேமரா எல்லாம் இருக்கும்மா. இலவு காத்த கிளி மாதிரி உங்களை உட்கார்த்திவச்சு வேடிக்கை பார்ப்பாங்க. எனக்கு மனசு கேட்கலை."

"இலவு காத்த கிளிக்கு என்ன குறைச்சல்? காய் வெடிக்கற வரைக்கும் அது ராஜாவாட்டம் இருந்துச்சுல்ல?" எதிர்முனையில் சிரிப்பும் இருமலும் கலந்து வந்தன. "ரெண்டு தடவையும் நீ முந்தின நாளே சொல்லிட்டே. நல்ல மனசோடதான் சொன்னே, நான் இல்லேங்கலை. ஆனா எனக்குன்னு ஒரு மணி நேரம்கூட அந்த நாற்காலியில உட்கார்ந்து, கிடைச்சாலும் கிடைக்கும்னு நினைச்சுப் பார்க்கக் கிடைக்கலையே பொண்ணே. இந்த வயசுல எனக்கு அதுதான் வேணும். அதையும் புடுங்கிக்காதே."

அவர்கள் வைக்கும்வரை இவள் வைப்பதில்லை என்பதால் அக்கா ரிசீவரை அப்படியே காதில் வைத்துக்கொண்டிருந்தாள். கிழவியும் வைக்கவில்லை. கடைசியில் அக்கா, "சரி, கூரை ஒழுகல் நின்னுடுச்சா?" என்று கேட்டாள். நின்றுவிட்டதாம். மருமகன் தகரம் அடித்துக் கொடுத்தானாம்.

இயக்குநரிடம் மூன்றுக்கு மூன்று என்றாள். "ரெண்டு பேரும் பாதி ஃபெயில்" என்றார் அவர். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே, முப்பது வருடத்தில் எத்தனை பேருக்கு அந்த ஒரு மணி நேரத்தைப் பிடுங்கினோம், எத்தனை பேரைக் காப்பாற்றினோம் என்ற கேள்வியும் வந்தது. கணக்குப் போட்டு முடிகிற விஷயமில்லை. விட்டுவிட்டாள்.

விழாவுக்கு முந்தின நாள் நடுவர் தலைவர் உறையை நீட்டியபோது அவள் கையை நீட்டவில்லை. "தெரியணும்னு சொன்ன மூணு பேர்ல யாருக்கு இல்லைன்னு மட்டும் வாயால சொல்லுங்க சார்" என்றாள். மூன்று பேருக்கும் இல்லை. மூவரையும் கூப்பிட்டாள். பிரஷர்காரர், "அப்பாடா" என்றார். ஒருவர் திட்டினார். அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்தாள், பிறகு அவளே திரும்பக் கூப்பிட்டு அழுதாள்.

வீட்டில் கணவர் வாசலிலேயே மறித்தார். "இப்போ சொல்லு. நடுவருங்க கூடியாச்சு."

"சத்தியமாத் தெரியாதுங்க."

"முப்பது வருஷத்துல இவ்வளவு நல்லா நீ பொய் சொன்னதே இல்லை" என்றார் அவர் மரியாதையோடு.

மறுநாள் மண்டபத்தை ஒட்டிய சின்ன அறையில் தீவுக்காரம்மாவை அக்கா முதன்முதலாக நேரில் பார்த்தாள். குரலை வைத்து உயரமான பொம்பளை என்று நினைத்திருந்தாள். நாற்காலியில் கால் தரையில் எட்டாமல், கோலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு சின்ன உருவம் உட்கார்ந்திருந்தது. உதட்டில் லேசாகச் சாயம்.

"நீதான் டெலிபோனா? கறுப்பா, குண்டா, கோவக்காரியா இருப்பேன்னு நினைச்சேன்."

"ரெண்டு சரிம்மா."

கிழவி குலுங்கிச் சிரித்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சூடாக, காய்ச்சல்காரியின் விரல்கள்போல இருந்தன. "முகத்தைக் காட்டு. உனக்குத் தெரியும்ல?"

"தெரியாதும்மா. எனக்கும் தெரியக் கூடாதுன்னு உறையை வாங்கிக்கவே இல்லை. நானும் முதல் தடவையா தெரியாமத்தான் உள்ள போறேன். காலையிலேர்ந்து ஒரு வேலையும் ஓடலை."

"ஓடலையா? ஓடாது. நல்லாத்தானே இருக்கு?"

நல்லாத்தான் இருந்தது. அக்கா ஒத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்து ஒரு பெண் எட்டிப்பார்த்து, ஆறு பேரும் வரலாம் என்றாள். தீவுக்காரம்மா கோலை ஊன்றி இறங்கினாள். தாங்கப் போன கையைத் தட்டிவிட்டாள். கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பார்த்து, பத்திரமாகத் திரும்ப வைத்தாள்.

"நன்றியுரையாம்மா? இல்லைன்னா அதை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் அக்கா.

தீவுக்காரம்மா அதற்குள் கதவைத் தாண்டியிருந்தாள்.