மூன்று பேர் நின்ற படம்

எங்கள் வீட்டில் மூன்று பேர். ஆனால் மூவரும் சேர்ந்து நின்ற படம் ஒன்றுகூட இருந்ததில்லை. எப்போதும் ஒருவர் கமராவைப் பிடிக்க, மற்ற இருவர் நிற்போம். காரணம் அம்மா. மூன்று பேர் நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது, ஆயுள் குறையும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிற அம்மாவுக்கு, வேதாகமத்தில் இல்லாத இந்த ஒரு வசனத்தில் அசையாத விசுவாசம். மூவரையும் சேர்த்து எடுக்க நான் கைபேசியை நீட்டினாலே எழுந்து குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

பிறகு அப்பாவுக்கு இருதய ஒப்பரேஷன் என்று நாள் குறித்தார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மூவரும் நிற்கும் படம் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்தேன். ஏன் இப்போது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அம்மா குசினிக்குப் போகாமல் சேலை மாற்றிக்கொண்டு வந்தது எனக்கே ஆச்சரியம்.

மாமா சுவிஸிலிருந்து கொண்டுவந்த சின்ன டிஜிட்டல் கமராவில் தானாகப் படம் எடுக்கும் வசதி உண்டு. பொத்தானை அமத்தினால் பத்து வினாடி சிவப்பு விளக்கு மினுங்கும், பிறகு எடுக்கும். வாவிக்கரையில் கவிழ்த்துக் கிடந்த தோணியின் மேல் அதை வைத்து, வழுக்காமலிருக்க அப்பாவின் செருப்பை முட்டுக்கொடுத்தேன். இருவருக்கும் நடுவில் எனக்கு இடம் விடச் சொன்னேன். அமத்திவிட்டு ஓடினேன்.

"நடுவில நிக்காத புள்ள!" அம்மா என் கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு அந்தப் பக்கம் தள்ளினார். இப்போது நடுவில் அவர். "நான் வாழ்ந்து முடிச்சவள்."

"நீ இஞ்சால வா," என்று அப்பா குறுக்கே வந்தார். "எப்படியும் கத்தி வைக்கப் போறது எனக்குத்தானே. நான் நிக்கிறன்."

"உங்களுக்கு என்ன விசரா?" அம்மா அவருடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தார். விளக்கு வேகமாக மினுங்கத் தொடங்கியது.

அப்பா தேறி வந்துவிட்டார். படம் முன்னறையில் தொங்குகிறது. அதில் ஒருவர்கூடக் கமராவைப் பார்க்கவில்லை. அப்பாவின் சேட்டு ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது, அம்மாவின் வாய் திறந்தபடி. வருகிறவர்கள் என்ன சண்டை என்று கேட்பார்கள். அம்மா கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இதையெல்லாம் நம்பாத நான்தான், இருவரையும் முழங்கைகளால் இடித்துத் தள்ளிக்கொண்டு நடுவில் நிற்கிறேன்.