கோகிலவாணி டீச்சரும் பச்சை நட்சத்திரங்களும்

கோகிலவாணி டீச்சர் கோபம் வந்தால் கத்தமாட்டார். குடையை எடுத்து மேசைமேல் குறுக்காக வைப்பார். அவ்வளவுதான், ஆறாம் வகுப்பு கப்சிப். தாராவியிலேயே பிறந்து, எங்கள் தமிழ்ப் பள்ளியிலேயே படித்து, அங்கேயே டீச்சராக வந்தவர். நான் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். பதினோரு வருடமாக அவருக்குப் பக்கத்து நாற்காலி. அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் ஆரம்பத்திலிருந்து கூடவே இருந்து பார்த்தவன் நான் ஒருவன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் திருநெல்வேலித் தமிழ், சந்தில் இந்தி, பஸ்ஸில் மராத்தி. மூன்றும் காதால் வந்தவை. எதையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வார்கள். எழுத்து என்று வந்தால் மட்டும் ஆளைக் காணோம். ஆறாம் வகுப்பில் மொத்தம் பத்தொன்பது பேர்.

போன ஜூனில் ஓர் அறக்கட்டளை இந்த வகுப்புக்கு டேப்லெட் கொடுத்தது. திரையில் ஒரு வரி வரும். ஒரு பெண்ணின் குரல் அதை வாசித்துக் காட்டும். பிறகு பிள்ளை வாசிக்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சை நட்சத்திரம் ஒன்று மின்னும். யாருக்கு எத்தனை நட்சத்திரம் என்பது அப்போதே அறக்கட்டளை அலுவலகத்தில் தெரிந்துவிடும். ஒரே மாதத்தில் பதினேழு பேருக்கு முழு நட்சத்திரம். அறக்கட்டளையிலிருந்து எங்கள் பள்ளியைக் கவனித்துக்கொண்ட ஷ்யாமளா, மும்பையில் வசதியான தமிழர்கள் வாழும் மாதுங்காவைச் சேர்ந்தவர், நல்ல மனசு. "குழந்தைகள் என்ன நன்னா வாசிக்கறது!" என்று பூரித்துப்போனார். நாங்களும் பூரித்தோம், எங்களுக்கு மட்டும் கசக்குமா?

ஜூலையில் ஒருநாள் லிசா வாசித்துக்கொண்டிருந்தாள். தோல் பை தைக்கும் தனசீலனின் மகள், வகுப்பிலேயே அதிக நட்சத்திரம் வாங்கியவள். பாதி வரியில் சார்ஜ் தீர்ந்து டேப்லெட் அணைந்துவிட்டது. லிசா நிறுத்தவில்லை. கருத்துக் கிடந்த கண்ணாடியில் விரலை ஓட்டிக்கொண்டே அடுத்த நான்கு வரிகளையும் பிசகாமல் வாசித்து முடித்தாள். அதுவும் அந்தக் குரல்காரப் பெண்ணைப் போலவே, செய்தி வாசிக்கிற தமிழில். அந்த அம்மாள் மூச்சு விட்ட இடத்தில் இவளும் மூச்சு விட்டாள்.

டீச்சர் அவளை வாசலுக்குக் கூட்டிவந்தார். எதிர்க் கடையின் தமிழ்ப் பலகையைக் குடையால் காட்டினார்.

"அது என்னன்னு படி."

"சலூன் டீச்சர்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"உள்ள முடி வெட்டுதாங்கல்லா."

அன்று மதியம் டீச்சர் என்னிடம், "சார், இதுக ஒண்ணும் வாசிக்கல. பாட்டுப் படிக்க மாதிரி படிக்குதுக. இத்தனை நாளு நானும் கேட்டுக்கிட்டே இருந்திருக்கேன் பாருங்க, கூறுகெட்ட மூதி" என்றார். தன்னைத்தான் திட்டிக்கொண்டார்.

மறுவாரம் புதுப் பாடம் வந்தபோது எல்லா டேப்லெட்டிலும் குரலை நிறுத்தினார். பதினேழு பேராக இருந்தது மூன்று பேரானது. புதன்கிழமையே ஷ்யாமளா போன் செய்துவிட்டார். "என்னாச்சு கோகிலா? நன்னாத்தானே போயிண்டிருந்தது?" வியாழக்கிழமை தலைமையாசிரியர் நெல்லையப்பன் சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது போகலாம்.

"டீச்சர், தமிழ்ப் பிரிவை மூடணும்னு மேல ரெண்டு வருசமா சொல்லிட்டிருக்காங்க. புள்ளைய கம்மி, ரிசல்ட் இல்லைன்னு. இப்ப இந்த நட்சத்திரம் ஒண்ணுதான் நமக்குச் சாட்சி. அதுவும் போச்சுன்னா பிரிவு பந்த். இந்தப் பத்தொம்பதும் இந்தி ஸ்கூல்ல கடைசி பெஞ்சுல உக்காரும். அடுத்த வருசம் பாதி பட்டறைக்குப் போயிரும்."

"அப்ப வாசிக்கத் தெரியாமலே ஏழாவது போட்டும்ங்கிறியளா சார்?"

"ஸ்கூல் இருந்தாத்தானம்மா சொல்லிக்குடுக்க முடியும்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். மறுநாள் எல்லா டேப்லெட்டிலும் அந்தக் குரல் திரும்ப வந்துவிட்டது.

முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது என்பார்களே, டீச்சருக்கு அந்த நிலைமைதான். ராஜினாமா செய்யலாமே என்று நான் ஒருமுறை அசட்டுத்தனமாகக் கேட்டுவைத்தேன். "நான் போனா அந்தக் குரல் மட்டும்தான் சார் கிளாஸ்ல இருக்கும்" என்றார். சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம், டேப்லெட் இல்லாமல், லிசாவையும் இன்னும் நாலு பேரையும் உட்காரவைத்து அனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பித்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது வெட்கம். யாராவது எட்டிப் பார்த்தால் சிலேட்டை மூடிக்கொள்வார்கள். எழுத்து தனித்தனியாக வரும், சேர்த்துப் படிக்க வராது.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு மட்டும் அவருக்குச் சந்தோஷமானது. அதுவும் அறக்கட்டளையின் ஏற்பாடுதான். வீட்டுப் போனில் வரும் ஃபார்வர்டுகளைப் பிள்ளைகள் கொண்டுவருவார்கள். வகுப்பில் அதைப் பெரிய திரையில் போட்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும். யார் அனுப்பினது? எதுக்கு அனுப்பினது? எதை விட்டிருக்கு? முடிவில் டீச்சர் சிவப்புச் சாக்பீஸால் பலகையில், உண்மையென்றால் டிக் போடுவார், பொய்யென்றால் கிராஸ் போடுவார். ஒரு வாரம் தண்ணீர் வராது என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து சந்தே டிரம் டிரம்மாகப் பிடித்து வைத்தபோது, அது போன வருடத்து மெசேஜ் என்று கண்டுபிடித்தது இந்தப் பிள்ளைகள்தான். காதால் கேட்டு யோசிப்பதில் அவர்களை அடிக்க ஆள் கிடையாது.

டிசம்பரில் ஷ்யாமளா வந்து லிசா வாசிப்பதை வீடியோ எடுத்துப் போனார். வீடியோ வெளிவந்தபோது ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வரும் டேப்லெட் குரலை வெட்டியிருந்தார்கள். லிசா கடகடவென்று வாசிக்கிறாள், நட்சத்திரம் நட்சத்திரமாகக் கொட்டுகிறது. தாராவித் தமிழ்ச் சந்துகளில் அந்த வீடியோ போகாத போன் இல்லை. தனசீலன் நாகர்கோவில் வரை அனுப்பினார். லிசாவின் அம்மா ரோசம்மா பள்ளிக்கே வந்து டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்ல தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச மொத ஆளு இவதான் டீச்சர். ஒங்களாலதான்."

அன்று டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அறக்கட்டளையின் பெரியவர்கள் இரண்டு பேர் வகுப்பைப் பார்க்க வந்தார்கள். தமிழ்ப் பிரிவு நீடிக்கலாமா என்பதில் அவர்களுடைய அறிக்கைதான் கடைசி வார்த்தை என்று நெல்லையப்பன் சார் முதல் நாளே சொல்லியிருந்தார். வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஷ்யாமளா பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். நெல்லையப்பன் சாரும் நானும் கதவோரம் நின்றோம்.

"ஏதாவது ஒரு ஃபார்வர்டை எடுத்துப் பண்ணிக் காட்டுங்கோ" என்றார் ஷ்யாமளா.

லிசா கையைத் தூக்கினாள். "எங்க அப்பா போன்ல ஒண்ணு இருக்கு டீச்சர்."

திரையில் வந்தது அவளுடைய வீடியோ. குறும்புக்காக அவள் அதைச் செய்யவில்லை. போனில் எது வந்தாலும் மூன்று கேள்வி கேட்கச் சொல்லியிருந்தது, அவள் கேட்க வந்தாள்.

"யாரு அனுப்புனது?" என்றார் டீச்சர். கேட்காமல் முடியாது.

"ஷ்யாமளா மேடம்."

"எதுக்கு?"

"நம்ம ஸ்கூலு நல்ல ஸ்கூலுன்னு காட்டுததுக்கு."

மூன்றாவது கேள்விக்கு முன்னால் டீச்சர் கதவோரம் நின்ற எங்களைப் பார்த்தார். லிசா காத்திருக்கவில்லை. "டேப்லெட்ல ஒரு அக்கா மொதல்ல சொல்லும்லா, அத விட்டுட்டாங்க. அந்த அக்கா சொன்னதத்தான் நான் சொன்னேன். நான் வாசிக்கல டீச்சர்."

பெரியவர் ஒருவர் ஷ்யாமளாவின் பக்கம் குனிந்து என்னவென்று கேட்டார். வீடியோ எப்படி எடுத்தார்கள் என்று சொல்கிறாள் என ஷ்யாமளா சமாளித்தார். சார் தொண்டையைக் கனைத்தார். பிள்ளைகள் ஒரே குரலில், "தப்புப் போடுங்க டீச்சர்! தப்பு!" என்று கத்த ஆரம்பித்தார்கள்.

டீச்சர் சிவப்புச் சாக்பீஸோடு பலகை முன்னால் நின்றார். கிராஸ் போட்டால் தமிழ் தெரியாத பெரியவர்களுக்கும் புரிந்துவிடும், பிரிவு போய்விடும். டிக் போட்டால் பத்தொன்பது பிள்ளைகளுக்கும் புரியும். அவர்கள் கண்ணுக்கு எதிரே ஒன்றை ஒளித்துவைக்க அந்த அறையில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். டீச்சர் டிக்கும் போடவில்லை, கிராஸும் போடவில்லை. மூன்று பேரைத் தவிர அந்தப் பிள்ளைகளில் யாருக்கும் பிடிபடாத எழுத்தில் எழுதினார்.

இது உண்மை.

ஷ்யாமளா வாசித்துவிட்டு நிம்மதியாகப் பெரியவர்களிடம் சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் இந்த முறை கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

லிசா மட்டும் உட்காரவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. அவளுக்கு முன்னால் வாசித்துக் காட்ட இப்போது எந்தக் குரலும் இல்லை.

"இ... து. இது." விரலை நீட்டி அடுத்த எழுத்தைத் தேடினாள். "உ... ண்... மை."

திக்கித் திக்கி, அவளுடைய சொந்தக் குரலில், அப்பன் அம்மை பேசுகிற தமிழில் சேர்த்துச் சொன்னாள். "இது உண்மை." பிறகு டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். "உண்மையா டீச்சர்?"

பலகையைப் பார்த்து ஒரு பிள்ளை வாசித்ததும் பெரியவர்கள் இருவரும் கைதட்டினார்கள். ஆறு மாதமாக லிசா தானே வாசிக்கும் சத்தத்துக்காகத்தான் டீச்சர் காத்திருந்தார், அது இப்படியா வந்து சேர வேண்டும்? அவமானத்தில் அவர் முகம் செத்துப்போயிருந்தது. ஆனால் வாசித்துவிட்டாளே என்ற சந்தோஷமும் அதே முகத்தில் அடங்காமல் இருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

எல்லாரும் போன பிறகு டீச்சர் டஸ்டரை எடுத்தார்.

"அழிச்சிராதிய டீச்சர்," என்றாள் லிசா. "நான் வாசிச்சதுல்லா."

டீச்சர் டஸ்டரை வைத்துவிட்டார். தமிழ்ப் பிரிவு இந்த வருடமும் நடக்கிறது. அந்தத் திங்கட்கிழமை, பலகையில் மிச்சமிருந்த பாதியில்தான் நான் பின்னக் கணக்கு நடத்தினேன்.