சுவர்ப்பக்கத்துக் கிளைகள்

முப்பது வருடம் வேளாண்மைத் துறையில் குப்பை கொட்டியவன் நான். ஆலங்குளம் பக்கத்து விவசாயிகள் வாடிய இலையைக் கையில் கொண்டுவந்து நீட்டினால், துண்டுக் காகிதத்தில் மருந்தை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். வயலுக்குப் போய்ப் பார்த்தது குறைவு. அந்தத் திமிர் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.

குற்றாலம் சாலையில் இருக்கிற எங்கள் வீட்டு முன்னால், இரண்டு வருடத்துக்கு முந்தைய சாரல் பருவத்தில், இடுப்புயரக் கிறிஸ்துமஸ் மரம் ஒன்றை நட்டேன். புளியறை போகும் வழியில் ஒரு நர்சரியில் வாங்கியது. அடுக்கடுக்காகக் கிளை, ஊசி ஊசியாக இலை. அடுத்த வீடு என் தம்பியுடையது. "வளந்தா என் சுவரைத் தள்ளீரும் அண்ணே. கொஞ்சம் தள்ளி வையுங்களேன்" என்றான். எனக்கு யோசனை சொல்ல இவன் யார் என்று சுருக்கென்றது. அவன் வீட்டு ஆட்கள் யாரும் தொடக்கூடாதென்று மரத்தைச் சுற்றிப் பச்சை வலை கட்டினேன். தண்ணீர் விடச் சுவர்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டேன்.

தை மாதம் ஊசிகள் நுனியிலிருந்து பழுப்பேறின. சாரலில் பிடித்த பூஞ்சாணம் என்று தாமிர மருந்து அடித்தேன். மறுபடியும் அடித்தேன். கேட்கவில்லை. வேர் அழுகலோ என்று தண்ணீரை நிறுத்தினேன், இன்னும் மோசமானது. பிறகுதான் கவனித்தேன், சுவர்ப்பக்கத்துக் கிளைகள் மட்டுமே கருகியிருந்தன. குனிந்து மண்ணைப் பார்த்திருக்க வேண்டும். நான் சுவரைப் பார்த்தேன்.

நேரே தம்பி வீட்டு வாசலுக்குப் போய், "ஏலே, மரத்துல என்னத்தலே ஊத்துத? ஆசிட்டா?" என்று கத்தினேன். உள்ளே அவன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி வெளியே வந்து, அவர்களுக்குக் கேட்காதபடி வாசல் கதவை இழுத்துச் சாத்தினான். அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, என் மனைவி கை நிறையக் கல்லுப்போடு அந்த இடைவெளியில் குனிவதைப் பார்த்துவிட்டேன். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"சுத்திப் போட்ட உப்புல்லா. கால் படாத இடத்துலதான் கொட்டணும். நீங்க வலை கட்டி வச்சிருக்கியளே, அங்கன யாரு கால் படப்போவுது?"

வாராவாரம் என்னை உட்காரவைத்துத்தான் திருஷ்டி சுற்றுவாள். அந்த உப்பு எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுச் செம்மண் போட்டேன். குடம் குடமாகத் தண்ணீர் விட்டு மிச்ச உப்பைக் கரைத்தேன். கருகிய ஊசிகள் உதிர்ந்தன. உச்சியில் புதுத்தளிர் வந்தது. தம்பியிடம் போய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். முழுவதையும் கேட்டான்.

"மரம் பொழச்சிட்டுல்லா அண்ணே. அது போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அதற்குப் பிறகு பேச்சில்லை.

மரம் இப்போது சுவரைத் தாண்டிவிட்டது. பார்க்கிறவர்கள் என் கைராசி என்கிறார்கள். உண்மை தெரியும் முன்பே அந்த மரம் பட்டுப்போயிருக்கலாமே என்று பல நாள் நினைத்திருக்கிறேன். பட்டுப்போயிருந்தால், தம்பிதான் கொன்றான் என்று நம்பிக்கொண்டே நிம்மதியாக இருந்திருப்பேன்.