அரிசிப் பாதையில் கூட்டம்

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில், கரங்கான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அரிசி கிடையாது. மரவள்ளிக் கிழங்குதான். பெண்டாங் பக்கத்து மலாய்க்காரர்களிடம் நெல் இருந்தது. சேலையோ பித்தளைச் செம்போ கொண்டுபோனால் அரிசி கொடுப்பார்கள். ரோட்டில் தூக்கிவந்தால் ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு அடிப்பான். அதனால் காட்டுக்குள் நடந்து, மூடா ஆற்றைத் தோணியில் கடந்து போனோம். போய்வர நாலைந்து நாள் ஆகும்.

முதலில் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் கொஞ்சப் பேர்தான். ஒருவர் மிதித்த இடத்தில் அடுத்தவர் மிதிக்க மாட்டோம். லாலாங் புல் நிமிர்ந்துகொள்ளும், தடம் விழாது. கிளையை வெட்ட மாட்டோம். எதிரே ஆள் வந்தால் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். முகம் தெரிந்தால்தானே அடி தாங்காமல் சொல்ல வரும். ஆற்றுக்கு முன்னால் ஒரு பெரிய பாறை உண்டு. அதன் அடியில் பின்னால் வருகிறவருக்கு ஒரு துண்டுக் கிழங்கு வைத்துவிட்டுப் போவோம். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. பயத்தில் தானாக வந்தது.

அந்தப் பாதையில் என் வீட்டுக்காரரும் இருந்தார். சயாமில் ரயில் ரோடு போட ஆள் பிடித்தபோது, எங்களை வேலை வாங்கும் கங்காணி அவர் பேரையும் கொடுத்துவிட்டார். லாரி வருவதற்குள் இவர் காட்டுக்குள் ஓடிவிட்டார். பாறைக்குக் கீழே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் மூங்கில் புதர். அதற்குள் இருந்தார். அது எனக்கு மட்டும் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் ஓடிப்போன ஒருவனைப் பிடித்து, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் நிற்கவைத்து அடித்தார்கள். அவன் எழுந்திருக்கவே இல்லை.

நான் போகும்போதெல்லாம் கூட வருகிறவர்களை முன்னால் விட்டு, கிழங்கும் உப்பும் புதரில் வைத்துவிட்டு வருவேன்.

பிறகு பாதை ஊருக்கே தெரிந்துபோனது. மற்றத் தோட்டத்து ஆட்கள் வந்தார்கள். பட்டணத்துக் கடைக்காரர்கள் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்தார்கள். பாராங் கத்தியால் மரத்தில் கொத்தி அடையாளம் வைத்தார்கள். புல் செத்து மண் தெரிந்தது. பாறைக்கடியில் கிழங்கை எடுத்தார்கள், யாரும் வைக்கவில்லை. சோளத்தை வறுத்துக் காப்பி என்று விற்க ஒரு அக்காள் பாறையிலேயே அடுப்பு போட்டுவிட்டார். கங்காணியும் போய்வருகிறவர்களிடம் ஆளுக்கொரு சுண்டு அரிசி வாங்கிக்கொண்டு கண்டும் காணாமல் இருந்தார்.

முகத்தைத் திருப்புவது போய், முகத்துக்கு நேரே கேட்டார்கள்.

"எந்தத் தோட்டம் தங்கச்சி?" என்றான் ஒருத்தன் என்னிடம்.

"ஏன், பொண்ணு கேட்டு வரப் போறியா? காப்பியக் குடிச்சமா நடந்தமான்னு இரு," என்றார் காப்பிக்கார அக்காள்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். எப்போதும் பாறையில் ஆள் இருந்ததால், என்னால் ஓடையில் இறங்க முடியவில்லை. அவருக்குச் சாப்பாடு போகவில்லை.

யாரோ பாறைமேல் ஒரு கல்லை நட்டுக் குங்குமம் பூசினார்கள். முனியாண்டி என்றார்கள். இலையில் சோறும் கருவாடும் சுருட்டும் வைத்துக் கும்பிட்டுவிட்டு ஆற்றுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது இலையில் ஒன்றும் இல்லை.

"முனி சாப்பிட்டாருப்பா," என்றார் ஒருவர்.

"கொரங்கு தின்னுருக்கும் லா."

"கொரங்கு சுருட்டு குடிக்குமா? சுருட்டையும்ல காணோம்."

என் வீட்டுக்காரருக்குச் சுருட்டு இல்லாமல் முடியாது.

படையலை வாங்குகிற முனி என்று பேச்சு பரவியது. அரிசிக்குப் போகாதவர்களும் கும்பிட வந்தார்கள். கங்காணி சம்சாரத்துக்குக் காய்ச்சல் விடாமல் இருந்தது. முனிக்குப் பூசை போடுவதாக ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் சொல்லி அனுப்பினார். பூசை நாளன்று காலைப் பெரட்டில் கங்காணி சொன்னார்.

"இன்னிக்கி முனிக்கு ஆடு வெட்டுறேன். ஆம்பளைங்க எல்லாம் கத்தியோட வாங்க. ஓடைப் பக்கம் மூங்கி கெடக்கு. அத வெட்டித்தான் பந்தல் போடணும்."

யாரும் கிளம்புவதற்கு முன்னால் நான் கிளம்பிவிட்டேன். பாதி வழி ஓடினேன். பாறையில் அப்போது ஆள் இல்லை, காப்பிக்கார அக்காள்கூட வந்திருக்கவில்லை. புதருக்குள் போனேன். தாடியும் சடையுமாக உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சுருட்ட ஏன் எடுத்தீங்க?"

"இருந்துச்சு. எடுத்தேன்."

அரிசிக்குப் போகிறவர்போல் இருக்கட்டும் என்று, கையோடு கொண்டுவந்த துணி மூட்டையை அவர் தலையில் வைத்துப் பாதையில் ஏற்றினேன். பகல் வெளிச்சத்தில் அவர் நடந்து பல மாதம் ஆகியிருந்தது. கால் பின்னியது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பூசைக்கு ஆட்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தர் விடாமல் அவர் முகத்தைப் பார்த்தார்கள். வயசான ஒரு அம்மாள் நின்றேவிட்டார்.

"சாமியாடியா?"

"ஆமாக்கா," என்றேன். "வெரதம். பேச மாட்டாரு."

"பூசை அங்கிட்டுல்ல? இங்கிட்டுப் போறீங்க?"

"ஆத்துல முழுக்குப் போட்டுட்டு வருவாரு."

அந்த அம்மாள் திருநீறு கேட்டுத் தலையைக் குனிந்தார். இவர் கீழே மண்ணைக் கிள்ளி நெற்றியில் பூசினார். அந்த அம்மாள் கும்பிட்டார்.

"கங்காணிட்ட சொல்லிடுறேன், சாமியாடி வந்துட்டாருன்னு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு ஓட்டம்தான். தோணி அக்கரையில் இருந்தது. ஆள் ஏற்றிக்கொண்டு அது வந்து சேரும்வரை தண்ணீர் ஓரத்தில் நின்றோம். அவரை மட்டும் ஏற்றினேன். நானும் காணாமல் போனால் அன்றைக்கே தேடுவார்கள்.

பெண்டாங்கில் ஒரு மலாய்க்காரர் வயலில் அவருக்கு வேலை கிடைத்து, உயிரோடு இருந்தார் என்பது பிறகு வந்த சேதி. அன்றைக்கு அது தெரியாது.

பாறைக்குத் திரும்பினேன். மூங்கிலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கங்காணி என்னைக் கூப்பிட்டார்.

"சாமியாடி ஒன்கூடத்தான் வந்தாராமே. எங்க?"

"முழுக்குப் போடுறாருங்க."

"எந்த ஊரு ஆளு?"

"தெரியாதுங்க. வழியில பாத்ததுதான்."

"சரி, வரட்டும். அதுவரைக்கும் ஆட்ட வெட்டாதீங்க," என்றார்.

"நான் போய்க் கூட்டியாரவா?" என்று ஒருவர் எழுந்தார்.

"வெரதத்துல இருக்கவர அவசரப்படுத்தாதீங்கண்ணே," என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

நானும் அவர்களோடு உட்கார்ந்தேன். வெயில் சாய்ந்தது. ஒவ்வொருத்தராக ஆற்றுப் பக்கம் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மனசு மாறித் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று பார்த்தேன்.