அக்காவின் ஞானப்பல்

அக்கா எங்கள் எல்லோரையும் பகைத்துக்கொண்டு பல்லைக் காட்டப் போன அந்த வாரம், எனக்கு அவள் மேல் அடங்காத கோபம். அவள் கல்யாணத்துக்கென்று தைத்த என் அரக்கு நிறப் பட்டுப்பாவாடையை நான் ஒருமுறைகூட உடுத்தியிருக்கவில்லை.

கோவில்பட்டி மாப்பிள்ளை. தேதியும் குறித்தாயிற்று. "எனக்குப் பதினேழுதான் ஆகுது, கல்யாணம் வேண்டாம்" என்று அக்கா நாலு நாள் சொல்லிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் குழந்தைகள் உதவி எண்ணுக்கு அவளே போன் போட்டுவிட்டாள். கொல்கத்தா பவானிபூரில் எங்கள் பலகாரக் கடை வாசலில் அரசாங்க ஜீப் வந்து நின்றது.

சிக்கலுக்குக் காரணம் அப்பாவின் பழைய சாமர்த்தியம். ஊரிலிருந்து கொல்கத்தா வந்த வருஷம், அக்காவைச் சீக்கிரம் பள்ளியில் தள்ளுவதற்காக ஒரு வயதைக் கூட்டி எழுதிவிட்டார். அதைப் பெருமையாகச் சொல்லவும் சொல்வார். அக்கா வீட்டிலேயே பிறந்தவள், வேறு காகிதம் கிடையாது. இப்போது, "சர்டிஃபிகேட்ல பதினெட்டு இருக்கு, அதுதான் வயசு" என்று அதே வாயால் சாதித்தார்.

"அப்படின்னா என் பல்லைப் பாக்கட்டும். பல்லுக்கு உங்களால வயசு கூட்ட முடியாதுல்லப்பா?" என்றாள் அக்கா.

பல் டாக்டர் அவளை நிற்கவைத்து, ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கடிக்கச் சொன்னார். "நொட்பே நா" என்றார் பெங்காலியில். அசையக் கூடாதாம். எக்ஸ்ரே இயந்திரம் அவள் தலையைச் சுற்றி வந்தது. அவளோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற அப்பாவையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் ஞானப்பல்லின் வேர் பாதிதான் வளர்ந்திருந்தது, அதை வைத்துப் பார்த்தால் பதினேழு. ஆனால் பல் சொல்வது உத்தேசம்தான், ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கும் என்றுவிட்டார் டாக்டர். அப்பா அந்த ஒரு வருஷத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில், ஜீப்பில் வந்திருந்த அதிகாரியம்மா என் அம்மாவைக் கேட்டார். அதுவரை அப்பா பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவள் அம்மா. அவளுடைய பெங்காலி காய்கறிக்காரரோடு முடிந்துவிடும். அக்காவும் அப்பாவும் ஆளுக்கொரு கட்சி என்பதால், மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார்கள்.

"ஆடி அமாவாசை கழிஞ்சு மூணாம் நாள் பிறந்தா. வர்ற ஆடிக்குத்தான் பதினெட்டு. பெத்தவ சொல்லுதேன், எழுதிக்கிடச் சொல்லுட்டீ" என்றாள் அம்மா.

அப்பா என்னை முறைத்தார். பதினெட்டு முடிந்தது என்று மாற்றிச் சொன்னால் கல்யாணமும் உண்டு, பாவாடையும் உண்டு. சொல்ல வாயெடுத்தும் விட்டேன். அம்மா என் தோளை அழுத்தினாள். அவள் கையில் அவ்வளவு பலம் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பதினேழு என்றேன். கல்யாணம் நின்றது.

கையெழுத்து வாங்கும் முன் அம்மாவின் வயதைக் கேட்டார்கள். "முப்பத்திமூணு" என்றாள். அதையும் நான்தான் பெங்காலியில் கணீரென்று சொன்னேன். மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்கில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனாலும் பாவாடை போன துக்கத்தில் இருந்த எனக்கு, அந்த முப்பத்திமூன்றிலிருந்து அக்காவின் பதினேழைக் கழித்துப் பார்க்கத் தோன்றவில்லை.