லேமினேட் செய்த ரசீது

என் நிலத் தகராறுக்காகக் கோர்ட்டுக்குப் போன அன்று வராந்தாவில் பக்கத்தில் நின்றவர் அவர். கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் தொழிலாளி. கழுத்தில் கம்பெனி கார்டு, காலில் சேஃப்டி ஷூ. நிமிஷத்துக்கு ஒருதரம் மணி பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் நடந்த சண்டையில் இவர் மேலும் அடிதடி கேஸ்.

"வெலக்கி உடத்தான் சார் போனேன்" என்றார்.

உள்ளே கூப்பிட்டார்கள். கேட்ட கேள்விக்குக் கைகூப்பி, "ஒத்துக்கிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டு, அபராதம் கட்டி வந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடிக்காத ஆளு ஏங்க ஒத்துக்கினீங்க?"

"இல்லன்னா வாய்தா மேல வாய்தா சார். இன்னொரு நாள் லீவு போட்டா காண்ட்ராக்டர் உள்ளயே உடமாட்டான். ஒத்துக்கினு போயிடு, பேஜாரு இல்லன்னு ஏட்டையாதான் சொன்னாரு."

அடுத்த மாதம் ரயிலில் பார்த்தேன். வேலையை நிரந்தரமாக்க, கேஸ் எதுவும் இல்லை என்று கம்பெனியில் சான்று கேட்டார்களாம். சட்டைப் பையிலிருந்து அபராத ரசீதை எடுத்தார். லேமினேட் செய்திருந்தார்.

"கேஸ் முடிஞ்சிட்சுன்னு இத்தக் காட்டினா போதும்ல சார்?"

அவரைக் குற்றவாளி என்று சொல்லும் காகிதமே அதுதான். பாவி மனுஷன், அதைத்தான் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். ஏட்டு சொல்லவில்லை. கோர்ட்டில் ஒருத்தரும் சொல்லவில்லை. இத்தனை கோபப்பட்ட நானும் பொன்னேரியில் சொல்லாமலே இறங்கிவிட்டேன்.